இன்னைக்கு யாரு நாள்?

முதலில் காணாமல் போனது கால் அல்ல, செருப்பு.

ஒரு மாலை, கடைசி வாடகைச் சவாரியை முடித்து ஆட்டோவைக் கீழே ரோட்டோரம் நிறுத்திவிட்டு, படியேறி, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தேன். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ராணி, என் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டா வாரீங்க?"

"இல்லையே."

"அப்ப மத்த செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். கல்லும் சகதியுமான அவ்வளவு படிகளையும் அப்படியே ஏறி வந்திருக்கிறேன். கல் குத்தவில்லை, ஈரம் தெரியவில்லை. செருப்பு ஆட்டோவில் பிரேக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் இறங்கியபோது அது இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று லயமே சிரித்தது. மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் நானே அதைக் கதையாக்கினேன். ராணி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்குப் பயந்து என் செருப்பு வீட்டுக்கு வர மறுத்துவிட்டது என்று சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். நான் நல்ல கதைக்காரன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கும் சீனி வியாதி இருந்தால் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம். அது நியூரோபதி (நெடுநாள் சர்க்கரையால் நரம்பு மரத்துப்போய் வலி, சூடு, குளிர் தெரியாமல் போவது). அந்தச் சொல்லை நான் வார்டில் படுத்த பிறகுதான் கற்றேன். அதுவரை, வலி இல்லாமல் இருப்பதற்குச் சுகம் என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவன். வயிறு எனக்கு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். ஆட்டோ வைத்திருந்தேன். தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்கு ஆட்களை இறக்குவதுதான் தொழில். பிள்ளைத்தாய்ச்சி, நெஞ்சுவலிக்காரர், குளவி கொட்டியவர்கள், கல்யாண வீட்டில் மண்டை உடைந்த மாப்பிள்ளையின் மாமா என்று எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கியிருக்கிறேன். போகிற இடத்தில் எல்லாம் தேத்தண்ணி கொடுப்பார்கள். சீனி போட்டுத்தான் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று நான் நினைத்தேன். என் கணையம் வேறு மாதிரி நினைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பெயரையும் டொக்டர்மாரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. வழக்குப் போடுவதென்றால் என் வாய் மேல்தான் போட வேண்டும்.

ஆனால் ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். எங்களைப் போல அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் ஆண்களுக்குச் சத்திரசிகிச்சை வார்டுகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டொக்டர். அவசரமாக வருகிறவர்களை ஒரு நாள் ஒரு வார்டு ஏற்கும், அடுத்த நாள் மற்ற வார்டு ஏற்கும். நீங்கள் எந்த நாளில் போய் விழுகிறீர்களோ, அந்த நாளின் டொக்டருக்கு நீங்கள் சொந்தம். வீட்டுக்கு அனுப்பும்வரை அவர்தான். பிறகு கிளினிக்குக்கு வரும் காலமெல்லாம் அவர்தான். எனக்கு இவர் வேண்டாம், அவர் வேண்டும் என்று கேட்பதற்கு அங்கே எந்த ஜன்னலும் இல்லை. தனியார் இடத்தில் காசு கட்டி, நேரம் பதிந்து சேனல் பண்ணினால் டொக்டரைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். எங்களுக்கு டொக்டரின் பெயர் தேவைப்படாது. நாள் தெரிந்தால் போதும்.

அதனால் எங்கள் மலையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வலி வந்தால் முதலில் ஆட்டோவைக் கூப்பிட மாட்டார்கள். எனக்குப் போன் பண்ணிக் கேட்பார்கள்: "அண்ணே, இன்னைக்கு யாரு நாள்?"

நான் சொல்வேன். அது நல்ல நாளாக இருந்தால் கிளம்புவார்கள். இல்லாவிட்டால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த நாளுக்குக் காத்திருப்பார்கள். கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்க்கிறவரைவிட எனக்கு அந்தக் காலத்தில் மதிப்பு அதிகம்.

ஒரு டொக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு டொக்டர். எவ்வளவு மோசமான புண்ணோடு போனாலும் சுத்தம் பண்ணி, பஞ்சு வைத்துக் கட்டி, தோளில் தட்டி அனுப்புவார். சிரிப்பார். தமிழில் இரண்டு வார்த்தை பேசுவார். மற்றவருக்குப் பெயர் கவ்வாத்து டொக்டர். தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டுகிற கவ்வாத்துதான். மேல் லயத்துப் பெருமாள் மாமா அவருடைய வார்டுக்கு இரண்டு காலோடு போய் ஒன்றோடு திரும்பினார். மாமா எப்படிப் போனார், எந்த நிலையில் போனார் என்று யாரும் கேட்கவில்லை. எப்படி வந்தார் என்பதைத்தான் பார்த்தோம்.

"செடியக் கவ்வாத்து வெட்டினா திரும்பத் தழைக்கும்," என்று ராணி அப்போது சொன்னாள். "காலு தழைக்குமா?"

அந்தப் பேச்சு மலை முழுக்கப் போய்விட்டது. கொண்டுபோனது பெரும்பாலும் என் ஆட்டோதான்.

இனி என் காலுக்கு வருகிறேன்.

செருப்புக் கதை பழசாகிச் சில மாதம் ஆகியிருக்கும். மழைக்காலம். ராணி வீட்டுச் சிமெந்துத் தரையைத் துடைத்துக்கொண்டே, எங்கே போய் அட்டைக்கடி வாங்கி வந்தீர்கள் என்று கேட்டாள். வாசலிலிருந்து அடுப்படிவரை இரத்தப் பொட்டுகள். எங்கள் பக்கத்தில் அட்டை கடித்து இரத்தம் வழிவது ஒரு செய்தியே இல்லை. கொழுந்தெடுக்கிறவர்கள் கால் முழுக்கச் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு மலைக்குப் போவார்கள். கடித்த அட்டையை உப்பு வைத்து உதறிவிட்டு செடி வரிசையில் அடுத்த நிறைக்குப் போவார்கள். நானும் அட்டை என்றே நினைத்தேன். உப்பைக்கூடத் தேடவில்லை. துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அட்டை இல்லை. பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு தகரத்துண்டு ஏறியிருந்தது. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு பிரேக் பிடித்தேன் என்று தெரியவில்லை. ராணிதான் கண்டுபிடித்து, ஊசியால் நெம்பி எடுத்தாள். நான் அப்போது போனில் வாடகை பேசிக்கொண்டிருந்தேன்.

புண் ஆறவில்லை. ஓரம் வெள்ளையாகத் தடித்தது, நடுவில் குழி விழுந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் போனேன். அவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். திரும்பக் கட்டினார். பிறகு, இது என்னிடம் வைத்துப் பார்க்கிற புண் இல்லை, இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

அன்று யாருடைய நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கவ்வாத்து டொக்டரின் நாள். அடுத்த நாளும் அவர்தான், அதற்கடுத்த நாளும் அவர்தான். பஞ்சு டொக்டர் லீவில் போயிருந்தார். வருகிற வாரம் திரும்புவார் என்று ஆஸ்பத்திரி வாசலில் கடலை விற்கிறவர் சொல்லியிருந்தார். எங்கள் மருத்துவத் தகவல்கள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும்.

"இன்னைக்கே போகச் சொன்னாரே ஐயா," என்றாள் ராணி.

"பஞ்சு டொக்டர் வரட்டும். அவரு கையில பட்டா ஆறிரும்."

"அது வரைக்கும் கால் இருக்குமா?"

"எங்க போகப் போகுது? செருப்புதான் வீட்டுக்கு வராம நிக்கும். காலு வந்துரும்."

அவள் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்கலாம், இவன் பயந்தானா, புத்தி இல்லாதவனா என்று. இரண்டும் இல்லை. எனக்கு வேண்டியது என் வலது கால். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்குத்தான். அது போனால் தொழில் போகும். ஒரு டொக்டர் காலைக் காப்பாற்றுவார், ஒருவர் எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்துத்தான் தெரிவு செய்தேன். காசுள்ளவர்கள் சேனல் பண்ணித் தெரிவு செய்கிறார்கள், நான் காத்திருந்து தெரிவு செய்தேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு உரிமை போலத்தான் இருந்தது.

காத்திருந்த நாட்களில் ராணி மஞ்சள் அரைத்துப் பூசினாள். கால் கணுக்கால்வரை வீங்கியது. இரண்டு விரல்கள் முதலில் சிவந்தன, பிறகு ஊதா நிறமாயின. வலி இல்லை. அதனால் நான் வாடகைக்கும் போனேன். ஒருநாள் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா, ஆட்டோவுக்குள் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். நமுனுகுல மலைப் பக்கமிருந்து வருகிற காற்று அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அந்த அம்மா மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டார். வீட்டில் ராணி, சாக்கில் கட்டி வைத்து மறந்த கொழுந்து மாதிரி என் கால் நாறுவதாகச் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள்.

பிறகு குளிர் வந்தது. எங்கள் மலையில் குளிர் புதிதில்லை, ஆனால் இது எலும்புக்குள்ளிருந்து வந்த குளிர். பல் கிட்டியது. மூன்று கம்பளியும் ராணி கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கும் போர்த்தியும் கட்டில் ஆடியது. செப்டிசீமியா (புண்ணின் கிருமி இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுவது) அப்படித்தான் தொடங்கும் என்று பின்னால் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுச் சந்தனம் என்னைத் தூக்கிக்கொண்டு போய் என் ஆட்டோவிலேயே போட்டான். அவனும் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன்தான். என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கூரைத் துணியில் ஓட்டை இருந்தது. இத்தனை வருடம் மழையில் என் வாடிக்கையாளர்கள் நனைந்திருக்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை.

தேயிலைப் பெக்டரி வளைவைத் தாண்டும்போது கேட்டேன்.

"சந்தனம், இன்னைக்கு யாரு நாள்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "பஞ்சு டொக்டர் நாள்தாண்ணே. நேத்தே வந்துட்டாராம்."

ராணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது வார்டில் இருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் ஒல்லியாக, சிரிக்காத முகத்தோடு ஒருவர் நின்றார். சந்தனம் பொய் சொல்லியிருந்தான். அதற்காக அவனிடம் நான் இன்றுவரை கோபப்படவில்லை. எனக்கு யாரும் செய்த நல்ல காரியங்களில் அந்தப் பொய்யும் ஒன்று.

கவ்வாத்து டொக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பார்த்தார். விரலை அழுத்தினார். கணுக்காலுக்கு மேலே அழுத்தினார், அதற்கும் மேலே அழுத்தினார். பிறகு தமிழில் கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழில் அந்தக் கேள்வியும் இருந்தது.

"ஏன் லேட்?"

எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது வாடகை பேசுகிற சிங்களம், பொலிசுக்குக் காரணம் சொல்கிற சிங்களம். என் காலைப் பற்றிப் பேச அதில் வார்த்தை போதவில்லை. வாயில் வந்தது உண்மைதான். மற்ற டொக்டருக்காகக் காத்திருந்தேன் சேர் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சலில் இருந்த மனிதனின் நாக்கில் பிரேக் இல்லை.

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸின் முகம் மாறியது. டொக்டரின் முகம் மாறவில்லை. அவர் எதையோ எழுதச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கேங்கிரீன் (இரத்தம் ஓடாமல் சதை செத்து அழுகுவது) என்று மிஸ் தமிழும் சிங்களமும் கலந்து விளக்கினார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார். ராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், வார்டு மாத்த முடியாதா? மத்த டொக்டர் ஒருக்காப் பாத்தா போதும். ஒருக்கா மட்டும்."

அப்படி மாற்ற முடியாது என்று மிஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போது டொக்டர் திரும்பி வந்தார். என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தார். மிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் சீலிங்கைப் பார்த்தேன். ஒரு மனிதனின் முன்னால், அவரை வேண்டாம் என்று என் மனைவி கெஞ்சுகிறாள். அவர் கையில்தான் என் உயிர். ஸ்டாண்டில் இதைக் கதையாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

டொக்டர் கோபப்படவில்லை. போனை எடுத்து யாரிடமோ பேசினார். பிறகு ராணியிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சு டொக்டர் வந்தார். லீவு முடிந்து அன்று காலையில்தான் வந்தாராம். சிரித்துக்கொண்டே வந்தார். கட்டை அவிழ்த்தார்கள். சிரிப்பு நின்றது. அவரும் அதே இடங்களில் அழுத்தினார். அவர் விரல் ஏற ஏற நானும் ராணியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணன், இது இப்ப பஞ்சு வச்சுக் கட்டுற காலு இல்ல," என்றார். அவருடைய தமிழ் கொஞ்சம் வளைந்துதான் வரும், ஆனால் எனக்கு நேராகவே புரிந்தது. "நானும் வெட்டத்தான் வேணும். உங்க விருப்பம் சொல்லுங்க. நான் செய்யவா? அவர் செய்யவா?"

இவ்வளவு வருடம் இந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறேன். யார் வேண்டும் என்று ஒரு நோயாளியிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டார்கள். கேட்டபோது தெரிவு செய்வதற்குக் கத்தியைப் பிடிக்கும் கை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். செயற்கைக் கால் மாட்டுவதற்கு மிச்சக் கால் நல்ல வடிவத்தில் இருக்க வேண்டும், அந்த வேலையில் தன்னைவிட அவர் கை நல்லது, தன் வீட்டு ஆளாக இருந்தால் அவரிடம்தான் கொடுப்பேன் என்றார்.

நான் ராணியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டத்தான் வேணும்னா," என்றேன், "கவ்வாத்துத் தெரிஞ்சவரே வெட்டட்டும் சேர்."

பஞ்சு டொக்டருக்குப் புரியவில்லை. ஓரத்தில் நின்ற அட்டெண்டன்ட்டுக்குப் புரிந்தது. அவர் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்கு). அந்தக் காலுக்கு அது தேவையே இல்லை, ஏற்கெனவே மரத்ததுதான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட மிகச் சில பகிடிகளில் அது ஒன்று. முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வலி இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

எடுத்த கால் என்ன ஆகும் என்று ராணி அட்டெண்டன்ட்டிடம் கேட்டிருக்கிறாள். அதை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னாராம். மண்ணுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

சில நாள் கழித்து ஒரு மாலையில் கவ்வாத்து டொக்டர் தனியாக வந்தார். தையலைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். போகாமல் நின்றார். பிறகு சிங்களத்தில், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினார்.

"உங்க ஆளுங்க எனக்கு ஒரு பேர் வச்சிருக்காங்களாம். அதுக்கு என்ன அர்த்தம்னு அட்டெண்டன்ட் சொன்னாரு."

அந்தப் பெயரை ஆரம்பித்தது நான் இல்லை சேர், நான் அதை ஏற்றி இறக்கினவன் மட்டும்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்கான சிங்களம் வரவில்லை.

"அவர்கிட்ட எல்லாரும் நடந்து போறாங்க," என்றார். "என்கிட்ட தூக்கிட்டு வர்றாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கட்டிலில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகட்டையைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. படுத்துக்கொண்டே பெருமாள் மாமாவிலிருந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சின்னப் புண்ணோடு, நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் நல்ல நாள் பார்த்துப் பஞ்சு டொக்டரிடம் போனார்கள். புண் சின்னது, ஆறியது. கவ்வாத்து டொக்டருக்குப் பயந்தவர்கள் வீட்டில் காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து, நாள் பார்க்க முடியாத நிலைக்கு வந்ததும், எந்த நாளோ அந்த நாளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்படி ஓடியதில் அவர் நாளில் விழுந்தவர்களை அவர் வெட்டினார். வெட்டியதைப் பார்த்து இன்னும் பயந்தோம். இன்னும் காத்திருந்தோம்.

அவருக்குப் பெயர் வைத்தது நாங்கள். அந்தப் பெயருக்கு ஆள் அனுப்பியதும் நாங்கள்தான்.

இதைச் சொல்வதால், டொக்டரைத் தெரிவு செய்யும் உரிமை நோயாளிக்கு வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டும். ராணி கேட்டபோது ஒரு மனிதர் கோபப்படாமல் போனை எடுத்தாரே, அது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். கெஞ்சாமல் கிடைக்க வேண்டும். இன்னொரு டொக்டர் பார்க்கட்டும் என்று கேட்பது அவமரியாதை இல்லை என்று நோயாளிக்கும் தெரிய வேண்டும். பஞ்சு டொக்டரும் வெட்ட வேண்டும் என்றுதான் சொன்னார், ஆனால் அவர் சொன்ன பிறகுதான் என்னால் சம்மதிக்க முடிந்தது. கால் போவதற்கும், கால் போகட்டும் என்று நானே சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சின்ன வித்தியாசம். வார்டில் படுத்திருப்பவனிடம் அது ஒன்றுதான் சொந்தமாக இருக்கும்.

ஆனால் தெரிவு செய்வதற்கு எங்களிடம் என்ன இருந்தது? கடலை விற்கிறவர் சொன்னதும், நான் ஆட்டோவில் சொன்னதும், பெருமாள் மாமாவின் மடித்துக் கட்டிய காற்சட்டையும் இருந்தன. இந்தப் புண்ணுக்கு நாள் பார்க்க நேரமில்லை என்று யாராவது எங்கள் பாஷையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? தெரியாது. கேட்காமலும் இருந்திருப்பேன். என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு.

சீனி வியாதி உள்ளவர்களுக்கு ஒன்றே ஒன்று. தினமும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத வயிறு என்றால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். என் கால் கடைசிவரை வலிக்கவே இல்லை.

வெட்டிய பிறகுதான் வலிக்கிறது.

இல்லாத உறுப்பில் வலியும் அரிப்பும் தெரிவது உண்டு என்று கிளினிக்கில் சொன்னார்கள். மூளைக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லையாம். உண்மையான கால் இருந்தபோது ஒரு செய்தியும் அனுப்பவில்லை. இப்போது இல்லாத பெருவிரல் இடைவிடாமல் தந்தி அடிக்கிறது. கல் குத்துகிறது, ஈரம் தெரிகிறது, குளிர்கிறது. அன்றைக்குப் படியில் தெரியாமல் போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மழை நாள், அந்த விரலிடுக்கில் அட்டை ஏறியது. இல்லை என்று தெரியும். ஆனாலும் ஏறியது, பிடித்தது, உறிஞ்சியது. நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"என்னங்க?" என்றாள் ராணி.

"அட்டை."

அவள் என்னைப் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் உப்பை அள்ளி வந்தாள். கட்டிலில், கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் பெட்சீட்டின் மேல் தூவினாள். கையால் ஒரு தடவை தட்டிவிட்டாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அட்டை விழுந்துவிட்டது. இதை எந்த டொக்டரிடமும் நான் சொல்லவில்லை.

ஆட்டோ இப்போது சந்தனத்தின் கையில். கூரைத் துணியை மாற்றிவிட்டான். செயற்கைக் கால் வந்தால் பிரேக் பிடிக்கலாமா என்று கவ்வாத்து டொக்டரிடம் கேட்டேன். முதலில் நடங்கள் என்றார். நான் அவருடைய கிளினிக்குக்குத்தான் போகிறேன். மாற்றிக் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து அவரிடம் நடந்து போகிற ஆள் நான் ஒருவன்தான் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு ஊன்றுகட்டையில் நடந்து. அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

நாட்கள் முன்புபோல இல்லை. முன்பு விடிந்தால் முதல் நினைப்பு, இன்று யாருடைய நாள் என்பதுதான். உலகத்தையே இரண்டு டொக்டருக்குப் பங்கு போட்டு வைத்திருந்தேன். இப்போது விடிந்தால் கையை நீட்டி இடது பாதத்தைத் தடவிப் பார்க்கிறேன். அது இருக்கிறது. அதனால் அந்த நாளும் இருக்கிறது. அடுத்த நாளைப் பற்றி எனக்கு யோசனை வருவதில்லை.

ஆனால் போன் மட்டும் நிற்கவில்லை. சென்ற வாரம் மேல் லயத்து மனோகரி கூப்பிட்டாள். புருஷனுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். மூன்று நாளாகப் புண். மனுசன் கிளம்ப மாட்டேன் என்கிறான், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறான் என்றாள். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

"அண்ணே, இன்னைக்கு யாரு நாள்?"

யாருடைய நாள் என்று எனக்குத் தெரியும். பழக்கம் விடவில்லை.

"உன் புருஷன் நாள் தாயி," என்றேன். "எறக்கிக்கிட்டு வா. சந்தனத்த நான் வரச் சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் என் ஆட்டோ மேலேயிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். லயத்தைத் தாண்டியது. கோயில் திருப்பத்தைத் தாண்டியது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெக்டரி வளைவில் சந்தனம் பிரேக் பிடித்தான்.

இங்கே என் வலது காலும் பிடித்தது. நன்றாக, அடி வரைக்கும் அழுத்திப் பிடித்தது.